யாரும் முடிக்காத அகவணக்கம்

எங்கள் ஊரில் ஒருவரைத் திட்டுவதற்குப் பல சொற்கள் உண்டு. அவற்றில் மிகவும் நாகரிகமானது ‘மிதவாதி’. அதை எனக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். தேநீர்க்கடையில் சீனி அரைக்கரண்டி போதும் என்று நான் சொன்னால், “அவர் மிதவாதியெல்லே, அரைக்கரண்டிதான் குடிப்பார்” என்று பின் கதிரையிலிருந்து ஒரு குரல் வரும். எனக்குச் சலரோகம், சீனி கூடாது என்பது கடைக்காரருக்கும் தெரியும், குரல் கொடுத்தவருக்கும் தெரியும். இருந்தாலும் எங்கள் வட்டக்கச்சியில் நோய் வருத்தத்துக்கும் ஒரு கொள்கை விளக்கம் வேண்டியிருக்கிறது.

நான் ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்குச் செயலாளர். பதவியைத் தேடி நான் போகவில்லை. தெரிவுக்கூட்டத்தில் மூன்று பேர் போட்டியிட்டார்கள். அவர்களில் யார் வந்தாலும் தாங்கள் விலகிவிடுவோம் என்று மற்ற இருவரும் ஒற்றைக்காலில் நின்றார்கள். யாருக்கும் ஆட்சேபனை இல்லாத ஓர் ஆள் தேவைப்பட்டபோது நான் கூட்டத்துக்குப் போகாமல் வயலில் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். வராதவன்மேல் யாருக்கு என்ன ஆட்சேபனை இருக்க முடியும்? வீட்டுக்கு வந்தபோது நான் செயலாளர் ஆகியிருந்தேன்.

அந்த மூவரையும் சொல்லியே ஆக வேண்டும். முதலாமவர் தேசியக்காரர். ‘இனம்’ என்ற சொல் இல்லாமல் அவரால் ஒரு வசனம் பேச முடியாது. பசளை பிந்தினாலும் இனத்துக்கு எதிரான சதி, மாட்டுக்குக் காய்ச்சல் வந்தாலும் இனத்துக்கு எதிரான சதி. இரண்டாமவர் தோழர். எதைச் சொன்னாலும் அது வர்க்கப் பிரச்சினை என்பார். அவருடைய வயலில் கூலிக்கு நின்றவர்கள் மட்டும் அந்த வயலில் வர்க்கப் பிரச்சினை இருந்ததாகச் சொல்லக்கூடாது. மூன்றாமவர் அபிவிருத்தி. கொழும்பில் எந்தக் கட்சி ஆட்சிக்கு வருகிறதோ அது அவருடைய கட்சி. அவர் வீட்டு முன்னறைச் சுவரில் ஒரே ஆணியில் பல தலைவர்கள் தொங்கி இறங்கியிருக்கிறார்கள். தேசியக்காரரும் அபிவிருத்தியும் மச்சான்மார். தோழர் அவர்களுக்குப் பக்கத்து வயல்காரர். மூவரும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுத்து ஒரே கடையில் தேநீர் குடித்து ஒரே நாளில் மூன்று தடவை சண்டை பிடிப்பவர்கள்.

என் மனைவிக்கு இவர்கள் ஒருவரிலும் மரியாதை இல்லை. அவளுடைய தகப்பன் மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்தவர். இந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை, இந்தியக் குடியுரிமையும் இல்லை. கிழவனாகிய பிறகுதான் ஒரு நாட்டுக்காரர் என்று அவருக்குக் கடதாசி கிடைத்தது. நாடு, தேசம், பெருமை என்று யாராவது எங்கள் முற்றத்தில் குரலை உயர்த்தினால் மனைவி குசினியிலிருந்தே சொல்லுவாள்: “எங்கட அப்பா ஒரு நாடும் இல்லாமல் அவ்வளவு காலம் இருந்தவர். ஒரு நேரச் சாப்பாடும் செமிக்காமல் விட்டதில்லை.”

போன வருட மாரியில் வெள்ளம் வந்து பெரிய வாய்க்காலின் மேலிருந்த பழைய பாலத்தைக் கொண்டுபோனது. எங்கள் வயல் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். நெல் வெட்டும் பெரிய மெசின் அங்கே போவதற்கு வேறு வழியில்லை. ஆள் பிடித்து அரிவாளால் வெட்டத் தொடங்கினோம். பாதி வெட்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தொடர்ந்து பெய்த மழையில் நெல் கதிரிலேயே முளைவிட்டது. அறுவடைக்கு நின்ற வயல் திரும்பவும் பச்சையாகியதைப் பார்த்து மனைவி வரம்பில் இருந்து வாய்விட்டு அழுதாள். அவள் அப்படி அழுது நான் அதற்கு முதல் ஒரு தரம்தான் பார்த்திருந்தேன்.

இந்த வருடம் புதுப் பாலம் கட்டி முடிந்தது. நல்ல பாலம், குறை சொல்ல முடியாது. ஆனால் அது இன்னும் திறக்கப்படவில்லை. பாலம் கட்டிய கொந்தராத்துக்காரர் இரண்டு பக்கமும் இரும்புச் சங்கிலி போட்டு, ஒரே சாவியில் திறக்கும் பூட்டு இரண்டு பூட்டி, சாவியை அரசாங்க அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார். மனிதர்கள் சங்கிலிக்குக் கீழே குனிந்து போகலாம். ஆடு மாடு குனியாமலே போகலாம். வாகனம் போக வேண்டுமென்றால் அந்த அலுவலகத்து அதிகாரி வந்து விழா நடத்தித் திறக்க வேண்டும். அதற்குக் குறித்த நாள் பெப்ரவரி மாதத்தில், அரசாங்கம் சுதந்திர தினத்துக்கு வீட்டுக்கு வீடு தேசியக்கொடி ஏற்றச் சொல்லும் கிழமையில் வந்து விழுந்தது. மெசின்காரர் எங்கள் வயலுக்குக் குறித்ததும் அதே நாள் காலைதான். அதை விட்டால் அவர் பூநகரிக்குப் போய்விடுவார், பிறகு பிடிக்க முடியாது. தாழமுக்கம் வருகிறது, பிற்பகலில் மழை என்று வானொலி வேறு சொல்லிக்கொண்டிருந்தது.

“இஞ்சருங்கோ,” என்றாள் மனைவி. “கூட்டத்திலை நீங்கள் என்னத்தையும் கதையுங்கோ. எனக்கு வெய்யில் ஏறமுதல் அந்தச் சங்கிலி கழண்டால் காணும். இந்த முறையும் முளைச்சுதெண்டால் நான் இனி அந்த வயலுக்குக் கால் வைக்கமாட்டன்.”

அவள் சொன்னால் செய்வாள். நான் பயந்துபோனேன்.

விழா ஒழுங்குக்காகச் சனசமூக நிலையத்தில் கூடினோம். முதல் பிரச்சினை கொடி.

“அந்தக் கொடி ஏறினால் நான் உந்தப் பாலத்தாலை போகமாட்டன்,” என்றார் தேசியக்காரர். “வாய்க்காலை நீந்திப் போவன்.”

“கொடி இல்லாட்டி அதிகாரி வரமாட்டார். அவர் வராட்டிச் சாவி வராது,” என்றார் அபிவிருத்தி. “நீங்கள் மட்டுமில்லை, ஊர் மெசினெல்லாம் நீந்த வேண்டியதுதான்.”

“கொடி எண்டது ஒரு துணி,” என்றார் தோழர். “அந்தத் துணியை நெய்தவனைப் பற்றி இஞ்சை ஒருத்தரும் கதைக்கேல்லை.”

நான் என் வழக்கப்படி நடுவில் புகுந்தேன். அதிகாரியின் வாகனத்து முன்பக்கத்தில் சின்னதாக ஒரு கொடி எப்போதும் இருக்கும். வாகனத்தைப் பாலத்துக்கு முதுகு காட்டி மருதமரத்தின் கீழ் நிறுத்தினால் கொடி இருக்கும், ஆனால் ஏறாது. பார்க்க விரும்புகிறவர் போய்ப் பார்க்கலாம். இதை மூவரும் ஏற்றுக்கொண்டபோது எனக்கு என்னைப் பற்றியே கொஞ்சம் பெருமை வந்தது.

அடுத்தது பாட்டு. தேசிய கீதத்தைத் தமிழில் பாடலாம், கேட்க இனிமையாக இருக்கும் என்றார் அபிவிருத்தி. எந்த மொழியில் பாடினாலும் அது யாருடைய கீதம் என்று கேட்டார் தேசியக்காரர். உலகத் தொழிலாளருக்கு என்றொரு பாட்டு இருக்கிறது, அதுதான் பொருத்தம் என்றார் தோழர். சரி, பாடிக் காட்டுங்கோ என்றோம். முதல் வரிக்குப் பிறகு அவருக்கும் தெரியவில்லை. பாட்டே வேண்டாம் என்று முடிவானது.

பிறகு வெட்டுகிற நாடாவின் நிறம். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் வன்னியில் ஒரு பந்தல் சோடித்துப் பார்க்க வேண்டும். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தால் இயக்கத்தின் நிறம் என்று விசாரிக்க ஆள் வரும். பச்சை ஒரு கட்சி, நீலம் ஒரு கட்சி. கறுப்பு துக்கம், வெள்ளை செத்தவீடு. கடைசியில் எந்தக் கட்சியும் எந்தச் சாவும் உரிமை கோராத றோஸ் நிறத்தில் நாடா வாங்கக் கிளிநொச்சிக்கு ஆள் அனுப்பினோம். தோழர் அந்த நாடாவை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “சிவப்பிலை தண்ணி விட்டுக் கலக்கியிருக்கு. மிதவாதத்துக்கு ஒரு நிறம் இருந்தால் இதுதான்,” என்றார்.

கடைசியாக வந்தது அகவணக்கம். எங்கள் பகுதியில் எழுந்து நின்று இறந்தவர்களுக்கு மௌனமாக வணக்கம் செலுத்தாமல் எந்த நிகழ்ச்சியும் தொடங்காது. விளையாட்டுப் போட்டிக்கு முதல் நிற்போம். பாலர் பள்ளிக் கலைவிழாவுக்கு முதல் நிற்போம். மலசலகூடம் திறந்துவைத்தபோதும் நின்றோம். யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாத ஒரே விடயம் இதுதான். ஆகவே இதில் சண்டை வராது என்று நான் நம்பிவிட்டேன்.

“யாருக்காக எண்டு சொல்லப்போறியள்?” என்று கேட்டார் தேசியக்காரர். “இனத்தின்ர விடுதலைக்காக உயிர் குடுத்தவைக்கு எண்டு சொல்ல வேணும்.”

“அப்பிடிச் சொன்னால் அதிகாரி திரும்பிப் போயிடுவார்,” என்றார் அபிவிருத்தி. “நாட்டிலை உயிர் நீத்த எல்லாருக்கும் எண்டு சொல்லுங்கோ.”

“எல்லாரும் எண்டால் சுட்டவனுமோ?” என்றார் தேசியக்காரர்.

“உழைக்கும் மக்களுக்கு எண்டு சொன்னால் எல்லாம் அடங்கும்,” என்றார் தோழர்.

“இறந்தவர்களுக்காக எண்டு மட்டும் சொல்லுறன்,” என்றேன் நான்.

“எந்த இறந்தவை?”

“இறந்துபோன இறந்தவை.”

மூவரும் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். ஆனால் அந்த வசனத்தில் பிடித்து இழுக்க ஒரு நுனி கூட இல்லாததால் விட்டுவிட்டார்கள். உடனே நேரத்தில் தொற்றிக்கொண்டார்கள். ஒரு நிமிடம் போதும் என்றார் அபிவிருத்தி. ஒரு நிமிடம் என்பது தியாகத்தைக் கொச்சைப்படுத்துவது, மூன்று நிமிடம் வேண்டும் என்றார் தேசியக்காரர். இரண்டு நிமிடம் என்று நான் வாயைத் திறந்ததும் மூவரும் சேர்ந்து, “மிதவாதி!” என்றார்கள். அவர்கள் மூவரும் ஒன்றாகச் சொன்ன ஒரே சொல் அது. வீட்டில் மனைவியின் முகம் கண்ணில் நின்றது. எப்படியாவது முடித்தால் போதும் என்று, நேரமே வைக்காமல் விடுவோம், மனம் நிறைந்தவர்கள் தாங்களாகவே உட்காரட்டும், முடிந்தது என்று யாரும் அறிவிக்கத் தேவையில்லை என்றேன். மூவருக்கும் இது மிகவும் பிடித்துக்கொண்டது. அது ஏன் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

விழா நாள் காலை அதிகாரி பிந்தித்தான் வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர், நல்ல மனிதர், நிறைய வேர்த்தது. வாகனம் மருதமரத்தின் கீழ் முதுகு காட்டி நின்றது. மாலை போட்டு, சந்தனம் கொடுத்து, பந்தலின் முன்கதிரையில் இருத்தினோம். அவருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் வைத்த தட்டில் பூவுக்கு நடுவே கத்தரிக்கோலும் சாவியும் இருந்தன. வாய்க்காலின் இந்தக் கரையில், பந்தலுக்குக் கொஞ்சம் தள்ளி, மெசின் வந்து நின்றது. அதன் நிழலில் மனைவி நின்றாள். அவள் பாலத்தைப் பார்க்கவில்லை, கிழக்கே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஒலிவாங்கியைப் பிடித்து, “அனைவரும் எழுந்து நின்று, இறந்தவர்களுக்காக அகவணக்கம் செலுத்துவோம்,” என்றேன்.

எல்லோரும் எழுந்தார்கள். தலை குனிந்தார்கள். வாய்க்கால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நல்ல அமைதியான அகவணக்கம். ஒரு நிமிடம் போயிருக்கும். அபிவிருத்தி கடைக்கண்ணால் மச்சானைப் பார்த்தார். மச்சான் அசையவில்லை. அபிவிருத்தியும் அசையவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. முதலில் உட்காருகிறவர் யாரோ, அவருடைய பற்றுத்தான் ஊரில் குறைந்த பற்று. நாளைக்குத் தேநீர்க்கடையில் அவர் முகத்தைக் காட்ட முடியாது. ஆகவே ஒருவரும் உட்காரப்போவதில்லை.

மூன்று நிமிடம் கேட்ட தேசியக்காரருக்கு மூன்று நிமிடம் போனதும் உட்காரலாம். ஆனால் தோழர் நின்றுகொண்டிருக்கும்போது அவர் எப்படி உட்காருவார்? தோழருக்கு முழங்கால் வருத்தம். ஒரு காலைத் தூக்கி மற்றக் காலில் நின்றார், வர்க்கம் அவரைத் தாங்கியது. அதிகாரி நான் நன்றி சொல்வேன் என்று என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். நான் எந்தக் கணத்தில் நன்றி சொன்னாலும் அது யாரோ ஒருவருடைய தியாகத்தை அந்தக் கணத்தோடு வெட்டியதாகிவிடும். மிதவாதியாக இருப்பதில் உள்ள கரைச்சல் இதுதான். எல்லோருடைய கோபத்தையும் முன்கூட்டியே கேட்டுவிடுகிற காது வந்துவிடும்.

தேசியக்காரரின் சட்டைப்பையில் கைத்தொலைபேசி அடித்தது. பேரப்பிள்ளை மாற்றிவைத்த மணியோசை, துள்ளலான ஒரு சிங்களப் பைலா. கையை எடுத்து நிறுத்தினால் வணக்கம் குலைந்துவிடும். அவர் கையை எடுக்கவில்லை. பைலா முழுவதுமாகப் பாடி ஓய்ந்தது. அழைத்தவர் விடாமல் திரும்பவும் அழைத்தார். திரும்பவும் பைலா பாடியது. ஒருவரும் சிரிக்கவில்லை. தோழரின் தோள் மட்டும் குலுங்கியது, அவர் அதைத் துயரமாக மாற்றிக்கொண்டார்.

பேக்கரிப் பாண் விற்கும் ஓட்டோ தன் பாட்டைப் போட்டுக்கொண்டு வீதியால் வந்தது. கூட்டம் தலை குனிந்து நிற்பதைக் கண்ட பாண்காரர் பாட்டை நிறுத்தி, இறங்கி, தொப்பியைக் கழற்றி நின்றார். அவருக்குப் பின்னால் கிளிநொச்சி பஸ் வந்தது. ஓட்டோ வழியை மறித்து நின்றதால் பஸ்ஸும் நின்றது. சாரதி இயந்திரத்தை நிறுத்தினார். நடத்துநர் இறங்கி நின்றார். ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கி, யாருக்கு என்று கேட்காமலே, கையைக் கட்டிக்கொண்டு தலை குனிந்தார்கள். எங்கள் சனத்துக்கு இதில் யாரும் பழக்கத் தேவையில்லை. நிற்பதைக் கண்டால் நின்றுவிடுவார்கள். ஒரு சின்ன வாய்க்கால் பாலத்துக்கு அவ்வளவு கூட்டம் அதற்கு முதல் கூடியதில்லை. அபிவிருத்தியின் முகத்தில் பெருமிதம் தெரிந்தது. தேசியக்காரரின் முகத்திலும் அதே பெருமிதம் தெரிந்தது.

நான் மனைவியைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால் கிழக்கே வானம் கறுத்ததைக் கண்டிருப்பேன். ஆனால் எனக்கு அந்த நேரத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது.

எனக்கு ஓர் அண்ணன் இருந்தார். கடைசி யுத்தத்தில் ஊரெல்லாம் கிழக்குப் பக்கமாக இடம்பெயர்ந்து போனபோது, நாங்களும் உழவு இயந்திரத்தில் சாமான் ஏற்றிப் போனோம். பாதி வழியில் அண்ணனுக்கு ஞாபகம் வந்தது, விதைநெல் மூட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டோம். எல்லோரும் வேண்டாம் என்றோம். “விதைநெல் இல்லாமல் போய் அங்கை என்ன செய்யிறது?” என்று கேட்டுவிட்டு, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். திரும்பி வரவில்லை. அவர் போராளியில்லை, தியாகியில்லை, எந்தக் கட்சியின் ஆளுமில்லை. எந்த மேடையிலும் எந்தச் சொல்லில் அகவணக்கம் சொன்னாலும் அதற்குள் அவர் சரியாக அடங்குவதில்லை. விதைநெல் எடுக்கப் போனவருக்கு என்று யாரும் நிற்பதில்லை.

நான் ஒவ்வொரு அகவணக்கத்திலும் அவரை நினைக்கத்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் செயலாளருக்கு மணிக்கூட்டைப் பார்க்க வேண்டும், அடுத்தது யார் பேச வேண்டும் என்று யோசிக்க வேண்டும். அவருடைய சைக்கிளின் முன்சில்லு வீதி வளைகிற முடக்கில் தெரியத் தொடங்கும், அதற்குள் நன்றி, அமருங்கள் என்று என் வாயே சொல்லிவிடும். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் எனக்கு அவருடைய முகம்வரை போக நேரம் கிடைத்ததில்லை. அன்றைக்குக் கிடைத்தது. யாரும் முடிக்கவில்லை, யாரும் முடிக்கப்போவதுமில்லை. அவர் முடக்கால் திரும்பி, மிதித்து, மிதித்து, நேரே வந்தார். முதலில் பயத்தால் பேசாமல் நின்ற நான், அதற்குப் பிறகு ஆசையால் நின்றேன்.

மெசின் ஓட்டுகிறவர் பொலன்னறுவைப் பக்கத்துச் சிங்களவர், வயலுக்கு வயல் போய்ப் பழகியதில் கொஞ்சம் தமிழ் தெரியும். அவரும் இறங்கி வந்து தொப்பியைக் கையில் பிடித்தபடி எங்களோடு நின்றிருக்கிறார். நின்று, நின்று, கடைசியில் பொறுக்க முடியாமல் பக்கத்தில் வந்து நின்ற என் மனைவியிடம் மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் அந்த அமைதியில் அது எல்லோருக்கும் கேட்டது.

“அம்மா, யாரு செத்தது?”

ஊரே நின்றுகொண்டிருக்கிறது, அந்தக் கேள்விக்குச் சொல்ல எங்களிடம் ஒரு பதில் இல்லை. தேசியக்காரரின் வாய் அசைந்தது, அபிவிருத்தியைப் பார்த்து மூடிக்கொண்டது. தோழர் கால் மாற்றினார். நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது கூட்டத்திலேயே தெரிந்ததுதான்.

“கனபேர் தம்பி,” என்றாள் மனைவி. “நீர் மெசினை எடும்.”

அவள் நேரே பந்தலுக்குள் வந்தாள். தட்டில் பூவை விலக்கிச் சாவியை எடுத்தாள். அதிகாரி ஏதோ சொல்ல நினைத்தார், அகவணக்கத்தில் நின்றதால் சொல்ல முடியவில்லை. அவள் இந்தப் பக்கத்துப் பூட்டைத் திறந்தாள், பாலத்தால் நடந்துபோய் அந்தப் பக்கத்துப் பூட்டையும் திறந்தாள், சங்கிலிகளைக் காலால் ஓரத்துக்குத் தள்ளினாள். மெசின் பெரும் சத்தத்தோடு கிளம்பி வந்து றோஸ் நாடாவை அறுத்துக்கொண்டு பாலத்தில் ஏறியது. வெட்டும் பல்லில் நாடா சுற்றிக்கொண்டு போனது. பாலம் தாங்கியது. புகையும் தூசியும் எங்கள் எல்லோர் மேலும் படிந்தன. அவ்வளவும் நடக்கும்போதும் நாங்கள் தலை குனிந்து நின்றுகொண்டேயிருந்தோம். அகவணக்கம் முடியவில்லையே.

மழைதான் முடித்துவைத்தது. முதல் துளிகள் பந்தல் தகரத்தில் விழுந்ததுமே கூட்டம் முழுவதும் ஒரே கணத்தில் கலைந்து ஓடியது. அதில் முதலில் அசைந்தவர் யார் என்று தேநீர்க்கடையில் இன்றைக்கும் விசாரணை நடக்கிறது. ஒவ்வொருவரும் மற்றவரைச் சொல்கிறார்கள், பாண்காரரையும் இரண்டு பேர் சொல்கிறார்கள்.

அடுத்த நாளே மூவரும் பாலத்தைத் தங்கள் தங்கள் பெயரில் திறந்துவிட்டார்கள். மக்கள் அதிகாரியை நம்பாமல் தாங்களே திறந்தது சுயநிர்ணயம் என்றார் தேசியக்காரர். உழைக்கும் பெண் கையில் சாவி போனதுதான் புரட்சி என்றார் தோழர். சிங்களச் சாரதியும் தமிழ்ப் பெண்ணும் நாட்டுக்காக ஒன்றாகத் திறந்த நல்லிணக்கப் பாலம் என்று அபிவிருத்தி முகநூலில் படம் போட்டார். படத்தில் என் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு பூட்டை இழுக்கிறாள். நாட்டைப் பற்றி அந்த முகத்தில் ஒன்றுமில்லை.

ஆனால் அது அடுத்த நாள். அன்றைக்குப் பின்னேரம் நான் வீட்டுக்குப் போகத் தயங்கித் தயங்கித்தான் போனேன். வயலில் முக்கால்வாசியை மழை வலுக்கும் முன் வெட்டிவிட்டார்கள். மிச்சம் தண்ணீரில் படுத்துவிட்டது. கடைசியாக வந்த மூட்டைகளும் நனைந்திருந்தன. மனைவி முன்விறாந்தையில் படங்கை விரித்து ஈரநெல்லைக் கொட்டி, குந்தியிருந்து கையால் பரவிக்கொண்டிருந்தாள். நான் மற்றப் பக்கத்தில் குந்தி நானும் பரவத் தொடங்கினேன். ஏச்சு வரும் என்று காத்திருந்தேன். அவள் ஏசுவதற்கு எல்லா உரிமையும் இருந்தது.

“வானம் கறுத்தது உங்களுக்குத் தெரியேல்லையோ?” என்றாள் கடைசியில். “ஒரு நன்றி சொல்லி முடிச்சிருக்கலாம்தானே. அவங்களுக்குப் பயந்தே நிண்டனீங்கள்?”

“முதல் பயந்துதான் நிண்டனான்,” என்றேன். “பேந்து அண்ணை வந்தவர்.”

அவளுடைய கை நின்றது. சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அவள் கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து அண்ணன்தான் அவளை இந்த வீட்டில் ஒரு வார்த்தை குறையாமல் தங்கச்சி என்று கூப்பிட்டவர். அவர் சைக்கிளைத் திருப்பியபோது உழவு இயந்திரத்திலிருந்து குதித்து ஓடிப்போய்ச் சைக்கிளின் பின் கரியலைப் பிடித்து இழுத்தவளும் அவள்தான்.

“சைக்கிளிலையோ?”

“ஓம்.”

“மூட்டையைக் கொண்டந்தவரே?”

“ஓம். பின்னுக்குக் கட்டியிருந்தது.”

அவள் முன்னால் கிடந்த நெல்லில் ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் வைத்து, பெருவிரலால் ஈரம் பார்த்தாள். கண்ணீர் விழுந்ததை அவள் துடைக்கவில்லை.

“நனைஞ்சு போச்சோ?” என்று கேட்டாள்.

“இல்லை,” என்றேன். “நனையேல்லை.”